கறுப்புக் கம்பளத்தின் கரை

பிற்பகல் வெயில் தரையில் சாய்ந்து கிடக்கிறது. வீடு பெருக்கும் ரோபோ, சோபாவுக்கு முன்னால் விரித்த புதுக் கறுப்புக் கம்பளத்தின் ஓரம்வரை வந்து, தயங்கி, பின்வாங்குகிறது. அப்பா அதை மடியில் மல்லாத்தி, அடியிலிருக்கும் சென்சார் கண்களை மெல்லிய துணியால் துடைக்கிறார். தூசி வெளிச்சத்தில் மிதக்கிறது. இறக்கிவிட்டதும் அதே ஓரம், அதே தயக்கம். "கண்ணுல கோளாறு இல்லைங்க. கறுப்பா இருக்குல்ல, பள்ளம்னு நினைச்சுப் பயப்படுது," என்கிறாள் அம்மா. சோபாவிலிருந்து இறங்கப்போன குழந்தை, காலைச் சட்டென்று மேலே இழுத்துக்கொள்கிறாள். "எவ்ளோ ஆழம்ப்பா?" அப்பாவுக்குச் சிரிப்பு வருகிறது, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடுகிறது. கம்பளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, நெடுநேரம் எட்டிப் பார்க்கிறார். "முழங்கால் அளவுதாம்மா," என்கிறார். பிறகு எழுந்து, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஒரு காலை மெல்ல உள்ளே விடுகிறார்.