வலது ஓரத்தில் ஒருவர்

“மாமா, அப்பாவுக்குப் பின்னாடி நிக்கறது யாரு?”

அக்கா மகள் கேட்டதும் ஸ்டுடியோக்காரர் சிரித்தார். படத்தில் இருந்தது மூன்றே பேர். அக்கா, அத்தான், நடுவில் இவள். பின்னால் வெறும் சுவர்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வலது ஓரத்தில், அத்தானின் தோளை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஏதோ நின்றது. தலை மாதிரி ஒன்று, கழுத்து மாதிரி ஒன்று. முகம் மட்டும் இல்லை.

“திங்கக்கிழமை எனக்கு ஆபரேஷன். அதுக்குள்ள ஆள் வந்து நிக்குதா?” என்றார் அத்தான் விளையாட்டாக.

மறுநாள் அது விளையாட்டாக இல்லை.

“ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னு படுத்துக்கிட்டார்டா,” என்று அக்கா போனில் அழுதாள். “கூட்டிட்டுப் போக ஆள் வந்தாச்சு, எதுக்கு வீணா அறுத்துக்கணும்ங்கறார்.”

லென்ஸ் புதிது. அதாவது, இவருக்குப் புதிது. இணையத்தில் பழசாக வாங்கி நாலு நாள்தான் ஆகிறது. இதே ரக லென்ஸ் ஒன்றை முன்பு வைத்திருந்து, ஒரு அவசரத்தில் யாருக்கோ தள்ளிவிட்ட பிறகு, வேறு எதிலும் இவருக்கு மனம் ஒட்டவில்லை. ‘ஒரு கீறல்கூட இல்லை’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் விழுந்துவிட்டார்.

காலி நாற்காலியை வைத்துப் படம் எடுத்தார். நாற்காலிக்கு வலப்பக்கம் அது நின்றது. ஜன்னலை விரியத் திறந்துவிட்டு எடுத்தார். நின்றது. தெருவுக்குப் போய்ப் பட்டப்பகலில் ஒரு மொட்டைச் சுவரை எடுத்தார். அங்கேயும் வந்து, அதே உயரத்தில் நின்றது.

இருபது வருஷத் தொழில் அனுபவம் இருந்து என்ன செய்ய? முதுகுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் ரிப்பேர் கடைக்கு ஓடினார்.

கடைக்காரரை எல்லோரும் லென்ஸ் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார்.

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல. உள்ள, கடைசிக் கண்ணாடி ஓரத்துல சில்லு பேந்திருக்கு. அதுமேல எவனோ கறுப்பைப் பூசி மறைச்சிருக்கான். பின்பக்கத் திருகைக் கழட்டத் தெரிஞ்சவன். நம்ம தொழில்காரன்தான்.”

ஸ்டுடியோக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டார்.

“லென்ஸ் உடைசல்க்கா! அத்தானைக் கிளப்பு!”

உயிர் வந்த கையோடு கோபமும் வந்தது. லென்ஸ் டாக்டர் திருகுகளைக் கழற்ற ஆரம்பிக்க, இவர் தனக்கு லென்ஸை விற்ற பெண்மணிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரிலும் போட்டார். நாலு பேர் கேட்கட்டுமே.

“ஏம்மா, மனசாட்சி இருக்கா உங்களுக்கு? உள்ள உடைஞ்சதை மறைச்சு என் தலையில கட்டிட்டீங்களே! எங்க வீட்ல ஒருத்தர் ஆபரேஷனே வேண்டாம்னு கிடந்தார், தெரியுமா?”

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல்.

“உங்க படத்துலயும் வந்துச்சா தம்பி? வலது பக்கமா?”

இவர் மறுபடியும் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“அது என் வீட்டுக்காரர் யார்கிட்டயோ பழசா வாங்கினது. அவர் நல்ல உயரம். எப்பவும் வலது ஓரத்துலதான் நிப்பார். மக எடுத்த படத்துல எல்லாம் அவர் பின்னாடி அது நின்னுச்சு. அப்ப அவருக்கு உடம்பு சரியில்ல. எனக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்குதுன்னு சொல்லி மாத்திரையை நிறுத்திட்டார். நாங்க கெஞ்சாத கெஞ்சல் இல்ல. மூணே மாசம்…”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“இத்தனை வருஷம் பீரோவுக்குள்ள பூட்டி வச்சிருந்தேன். இதையெல்லாம் சொன்னா யார் நம்புவாங்க? சொல்லாம வித்தது தப்புதான் தம்பி.”

“அது வெறும் கண்ணாடிச் சில்லும்மா,” என்றார் லென்ஸ் டாக்டர், குனிந்த தலை நிமிராமல்.

“சில்லா?” அந்தப் பெண்மணி அழ ஆரம்பித்தாள். “ஒரு சில்லுக்கா அவர்… எந்தப் பாவிங்க அதை மறைச்சது?”

“இதோ வந்துடுச்சு.” லென்ஸ் டாக்டர் இடுக்கியால் கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். “அட, இது மையே இல்ல. நெயில் பாலிஷ்! கறுப்புல வெள்ளி ஜிகினா கலந்தது. எவன் பொண்டாட்டிகிட்ட சுட்டானோ!”

ஸ்டுடியோக்காரர் குனிந்து பார்த்தார். கறுப்புக்குள் வெள்ளிப்பொடி மினுமினுத்தது. ஓரத்தில், அவசரத்தில் கை தவறி இழுத்த ஒரு கோடு. அந்தக் கோட்டை இவருக்குத் தெரியும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மாடிப்படியில் லென்ஸைக் கை நழுவவிட்ட மறுநாள், மனைவி வீடு முழுக்கத் தேடினாள். “என் கறுப்பு நெயில் பாலிஷ் எங்கங்க? நீங்க எடுத்தீங்களா?”

“யாருன்னு தெரியுதா தம்பி?” என்று போன் விம்மியது.

அன்றைக்கு மனைவியிடம் சொன்ன அதே பதில், அதே வேகத்தில் வாயில் வந்தது.

“தெரியலையேம்மா.”