வேரோடு

வரவேற்பறை மீன்தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பவளப் பாறையைத் துழாவுகிறாள். நீல விளக்கில் அவள் வளையல்கூட வேறு யாருடையதோபோல் மின்னுகிறது. தன் வீட்டுக்குள் கை வந்துவிட்ட கோபத்தில் கோமாளி மீன் மணிக்கட்டை முட்டி முட்டிப் பார்க்கிறது. பூச்சாடியில் சாய்த்துவைத்த செல்பேசியில், எங்கோ நடுக்கடலில் கப்பல் எஞ்சினுக்குக் காவலிருக்கும் கணவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறான். மற்ற நாட்களில் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு வைத்துவிடுகிறவன். பாசி மண்டிவிட்டது என்றால் மட்டும் அவனுக்கு வாய் ஓய்வதில்லை. "மேலாக்கக் கிள்ளாத. அடியில விரலக் குடுத்து வேரோட எடு. துணுக்கு மிதக்காம, தண்ணிய உறிஞ்சுற டியூப்ப பக்கத்துலயே பிடி. இடது பக்கம்... உன் இடது இல்ல, என் இடது!" அவள் சிரித்துவிடுகிறாள். அவனும் சிரிக்கிறான். "போன மாசந்தானே சுத்தமா எடுத்த? எப்படித்தான் திரும்பத் திரும்ப வருதோ, சனியன்!" "தெரியலையேங்க." "வேரோட வந்துச்சா?" "ம், வந்துருச்சு." கேமராவுக்கு எட்டாத பாறையின் பின்பக்கம், நுனியை மட்டும் கிள்ளிக்கொண்ட அவள் விரல், விட்டுவைத்த வேரை மெல்லத் தடவிக்கொடுக்கிறது.