பிரிக்காத பாக்கெட்

"யாருடி அவன்?"

கேட்டு முடிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. மகளின் கன்னத்தில் சத்தம் எழுந்த பிறகுதான், அடித்துவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாகப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற கை அது. சூடுபட்டுக் காய்த்துப்போனது. பட்டால் வலிக்கும்.

மகள் அழவில்லை. செருப்புக்கடை வேலைக்குக் கிளம்பியவள், தோளில் மாட்டிய பையோடு அப்படியே நின்றாள்.

கட்டிலின் மேல் இரண்டு நாப்கின் பாக்கெட்டுகள் கிடந்தன. ஒன்று இன்று காலை வாங்கியது. இன்னொன்று போன மாசம் வாங்கியது. புதுசை அலமாரியில் வைக்கப் போன இடத்தில்தான் பார்த்தாள். பழசை யாரும் பிரிக்கவே இல்லை.

அந்த வீட்டில் மாசத்துக்கு ஒரு பெரிய பாக்கெட். அதை முதலில் பிரிப்பவள் மகள்தான். பத்தாம் தேதி தாண்டாது. அவள் எடுத்தது போக மீதி அம்மாவுக்கு. மகளின் தேதி அம்மாவுக்கு மனப்பாடம். தன் தேதியை அவள் ஒருநாளும் குறித்து வைத்ததில்லை. பிரித்த பாக்கெட் அலமாரியில் இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

பார்த்ததும் இரண்டையும் கட்டிலில் போட்டாள். போன வேகத்திலேயே திரும்பி, நாலு தெரு தள்ளி, முகம் தெரியாத மருந்துக் கடைக்கு ஓடினாள். கர்ப்பம் பார்க்கிற அட்டை வேண்டும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கடைக்காரர் கேட்காமலே, "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு" என்றாள். அவர் சிரிக்காமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

இரண்டு வாரமாகவே அவளுக்குச் சந்தேகம்தான். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிற மகள், திட்டினாலும் வாயை மூடிக்கொண்டு போனாள். கடையிலிருந்து வரும்போது பையில் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தாள். "நீயும் தின்னும்மா" என்று உரித்து நீட்டினாள். குழாயடியிலிருந்து மாடிக்குத் தண்ணீர் கொண்டுபோக அம்மா குனிந்தால், "வைம்மா, நான் தூக்குறேன்" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

தின்ற தட்டைக்கூடக் கழுவாத பிள்ளைக்குத் திடீரென்று என்ன கரிசனம்?

தப்பு பண்ணினவள்தான் இப்படிக் குழைவாள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"லாரியிலயே பாதி உசிரக் கரைக்கிறாரே உங்கப்பா, அவருக்கு நான் என்னடி பதில் சொல்லுவேன்? இதுக்குத்தானா உன்னப் பெத்தேன்? அன்னைக்கே நீ செத்துத் தொலஞ்சிருந்தா ஒரு நாள் அழுகையோட போயிருக்கும்!"

சொல்லிவிட்டாள். மருந்துக் கடையில் வாங்கிய அட்டைப் பெட்டியை மகளின் கையில் திணித்து, "உள்ள போ" என்றாள்.

மகள் போகவில்லை. பையைத் திறந்து, சின்னதாக ஒரு பச்சை நாப்கின் பாக்கெட்டை எடுத்துக் கட்டிலில் போட்டாள். பாதி காலி.

"நீ வாங்குறது எனக்குப் புண்ணாக்குதும்மா. ரெண்டு மாசமா என் சம்பளத்துல தனியா வாங்கிக்கிறேன். போன வாரம்தான் தலைக்குக் குளிச்சேன்."

பிரிக்காத பழைய பாக்கெட்டைக் காட்டினாள்.

"அத நான் பிரிக்கல, சரி. நீ ஏம்மா பிரிக்கல?"

அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

கடைசியாக எப்போது? சலவைக்கூடத்துக் கொதிகலன் வெடித்து, எல்லாரையும் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அன்றைக்கு. விரலை மடக்கினாள். ஒரு கை விரல்கள் தீர்ந்து, மறு கைக்குப் போயிற்று. எட்டு வாரம்.

நாற்பத்துமூன்று வயசு. நிற்கிற காலம்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கொஞ்ச நாளாகச் சோப்புத்தூள் வாசனைக்கே குமட்டியதை, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி விழுந்ததை, மடித்த விரிப்புகளின் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்ததை என்னவென்று சொல்வது? வேலை அதிகம் என்றுதானே நினைத்தாள்.

இரட்டை ஷிப்டு. தன் உடம்பைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. மகளின் உடம்பைச் சந்தேகப்பட மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள் மகள். குரல் இப்போதுதான் உடைந்தது. "எங்கிட்ட சொல்லக் கூச்சப்படுற, நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

சொன்னதை எல்லாம் திரும்ப அள்ளி வாயில் போட்டுக்கொள்ள முடியுமா? செத்துத் தொலைந்திருந்தால் என்றது இன்னும் அந்த அறையிலேயே நின்றது. அதைப் பார்க்க மாட்டாமல் தலை குனிந்துகொண்டாள்.

மகளின் கையிலிருந்த அட்டைப் பெட்டியை மெல்ல வாங்கினாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. குளியலறைப் பக்கம் நடந்தாள்.

உள்ளே தொட்டி காலி. வாசலில் நிரம்பிய வாளி இருந்தது. பழக்க தோஷத்தில் குனிந்து பிடியைத் தொட்டாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் விரல்களை விலக்கியது. நிமிர்ந்தபோது அந்தக் கன்னம் வெகு பக்கத்தில் இருந்தது. நாலு விரல் தடங்களும் தனித்தனியாகத் தடித்திருந்தன.

"வைம்மா, நான் தூக்குறேன்."