மச்சானைத் தாண்டாத சிக்னல்

“உங்க தம்பியைக் கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லுங்கம்மா. சிக்னல் அவரைத் தாண்டி வரமாட்டேங்குது.”

செல்போன் கம்பெனி இன்ஜினியர் இப்படிச் சொன்னதும் தையல்காரரின் மனைவி இடுப்பில் கைவைத்தாள்.

“என் தம்பி என்ன மலையா?”

“மலையா இருந்தா மேப்புலயே போட்டிருப்போமேம்மா!”

தையல்காரர் பல்லில் கவ்வியிருந்த குண்டூசிகளுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மச்சான் என்கிற இந்த மருந்து போன மழைக்கு ஒதுங்கியது. அடுத்த மழையும் வந்து போய்விட்டது. ஜன்னலோரச் சாய்வு நாற்காலி மச்சானுக்கு, முதுகில்லாத ஸ்டூல் வீட்டுக்காரருக்கு. “எப்பப்பா ஊருக்கு?” என்று ஜாடையாகக் கேட்டாலே போதும், அன்றைக்கு அடுப்பு எரியாது. அதனால்தான் தையல்காரர் வேறு பக்கம் போனார். வீட்டில் சிக்னல் எடுக்கவில்லை, ஆர்டர் போகிறது என்று கம்பெனிக்குப் புகார் மேல் புகார்.

இன்ஜினியர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். டவர் எவ்வளவு உயரம், நடுவில் எத்தனை கட்டடம், எத்தனை மரம் என்று சொல்லிவிட்டால், அலை எங்கெங்கே இளைத்துப் போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மாடல் அது. தையல்காரர் வீடு அதில் பச்சைப் பசேலென்று இருந்தது. கையிலிருந்த கருவியிலோ ஒரு கோடுகூட இல்லை.

“சுவருக்குக் கழிச்சாச்சு, எதிர்வீட்டு மரத்துக்கும் கழிச்சாச்சு. கணக்குல வராதது உங்க தம்பி ஒருத்தர்தாம்மா.”

தையல்காரர் ஊசிகளை எடுத்துவிட்டுச் சொன்னார்: “நானும் அளவெடுக்கிறவன்தான் சார். இவன் எந்த அளவுக்கும் அடங்கமாட்டான்.”

மச்சான் எழுந்தார். இடுப்புவலிக்காரர், முதுகுக்கு அண்டக்கொடுக்கும் பெரிய தலையணையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டுதான் எங்கேயும் போவார். நடந்தால் சரசரவென்று ஒரு சத்தம்; சட்டைப்பையில் எந்நேரமும் பிஸ்கட் பொட்டலம். சமையலறைக்குப் போனார். அங்கே சிக்னல் செத்தது, கூடத்தில் உயிர்த்தெழுந்தது. மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். மேல்வீட்டுக்காரர், “ஹலோ... ஹலோ... என்னய்யா ஆச்சு?” என்று அலறினார்.

“அக்கா, நான் என்னக்கா செஞ்சேன்?”

“நீ ஒண்ணும் செய்யலடா. ஒண்ணும் செய்யறதில்லைங்கறதுதான் உங்க அத்தானுக்குக் குறை.”

“பாத்தியா?” தையல்காரர் எழுந்தே விட்டார். “நானா சொல்றேன்? விஞ்ஞானம் சொல்லுது! இவன் ஊர்ல டவரே கிடையாது. அங்க உக்காந்தா யாருக்கும் நஷ்டமில்ல.”

மனைவி தம்பியைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப... சாயங்கால பஸ்ஸுக்கு...”

தையல்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பாசத்தோடு தடவினார்.

வாசலில் நின்று ஆபீசுக்குப் பேசிக்கொண்டிருந்த இன்ஜினியர் அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார். “யாரும் எங்கயும் போகக்கூடாது! கான்கிரீட் சுவர்கூட இந்த அளவுக்குத் தடுக்காதாம். இந்த மாதிரி ஆளைச் சேர்க்காததாலதான் எங்க மாடல் ஊர்பூரா தப்பாச் சொல்லுதுன்னு எங்க மேனேஜர் சொல்றார். சார், உங்களுக்கு வேலை போட்டாச்சு! பதவி, நிரந்தரத் தடை. மாசச் சம்பளம்.”

மச்சானுக்கு முகம் வெளுத்தது. “என்ன சார் செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக்கூடாது. சும்மா உக்காந்திருக்கணும்.”

“அப்பாடா! அதுல எனக்கு அனுபவம் உண்டு சார்.”

தையல்காரர் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். “வேலைன்னா... ஆபீசுலதானே சார்?”

“ஐயையோ! இடம் மாறினா கணக்கே கெட்டுப்போகும். இதே வீடு, இதே நாற்காலி. திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை வந்து அளந்துட்டுப் போவோம். உங்க போனுக்குக் கவலைப்படாதீங்க, மாடியில தனி ஆன்டெனா வெச்சுத் தர்றோம்.”

“ஒருவேளை... ஒரு வாரம் அந்தத் தடை குறைஞ்சு போச்சுன்னா?”

“எப்படிக் குறையும்? குறைஞ்சா, யாரோ எங்களை ஏமாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். கம்பெனி நேரா போலீசுக்குப் போயிடும்.”

மனைவி தம்பியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். “என் தம்பிக்கு விஞ்ஞானத்துல உத்தியோகம்! என்னங்க, மரம் மாதிரி நிக்கறீங்களே, வந்து வாழ்த்துங்க!”

தையல்காரர் வாழ்த்தினார்.

அன்றிலிருந்து திங்கட்கிழமைக் காலைகளில், மச்சான் தலையணையை வைத்துவிட்டுக் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, தையல்காரர் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். அந்தத் தலையணையின் ஓரத்தைப் பிரித்து, மச்சானைத் துரத்துவதற்காகத் தாமே முன்பு உள்ளே வைத்துத் தைத்த அலுமினியத் தாள்களில் கசங்கிக் கிழிந்தவற்றை உருவி எறிந்துவிட்டு, புதுத் தாள் வைத்து, தையல் வெளியே தெரியாமல் மூடுகிறார்.