நெத்தி தரையில படணும்

"சவப்பெட்டி மேல கை வச்சே, கை அழுகிப்போயிரும்!" என்று கத்தினாள் இம் நியோ.

சீனாவின் ஆமோய் துறைமுகமே கூடி வேடிக்கை பார்த்தது. சுங்கச் சாவடி அதிகாரி குவெக் கடப்பாரையும் கையுமாக நின்றார். சிங்கப்பூர் கப்பலில் அபின் வருகிறது என்று உறுதியான துப்பு. இன்றும் கோட்டை விட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று பெரிய துரை காலையிலேயே சொல்லிவிட்டார்.

"உள்ள யாரும்மா?"

"என் புருஷன். சொந்த மண்ணுல புதைக்கணும்னு கொண்டுவாரேன்."

துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுச் சணல் உடுப்பு அவள் மேல் சாக்கு நிறத்தில் விறைத்துக்கொண்டு நின்றது.

தூறல் விழுந்தது. சுமைகூலிக்காரர் ஒருவர் பெட்டிக்கு மேல் குடை பிடிக்கப் போனார். அவள் வெடுக்கென்று பிடுங்கித் தன் தலைக்கு மேல் விரித்துக்கொண்டாள்.

சரிதான், செத்தவனுக்கா சளி பிடிக்கப் போகிறது என்று நினைத்தபடியே குவெக் மூடியை நெம்பினார்.

உள்ளே புருஷன்தான் இருந்தான். சுற்றிலும் சுண்ணாம்புப் பொடி. தலையணையைக் கிழித்தும் அடிப்பலகையைத் தட்டியும் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை.

"அடப்பாவி, செத்தவரை எழுப்பிட்டியே!"

"உன் வம்சம் விளங்குமாடா?"

கூட்டம் நெருக்கியது. குவெக்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலையும் போச்சு, மானமும் போச்சு.

"மன்னிச்சிருங்க அண்ணி" என்று முனகினார்.

"வாயால சொன்னா ஆச்சா? மண்டி போடு. என் கால்கிட்ட நெத்தி தரையில படணும்!"

"விடும்மா, மழை வலுக்குது. தூக்கிட்டுப் போயிரலாம்" என்றார் கூலிக்காரர்.

"முதல்ல இவன் விழட்டும்!"

காற்று குடையை ஒரு புரட்டுப் புரட்டியது. குவெக் மண்டியிட்டுக் குனிந்தார். நெற்றி கல்லில் பட்டது. அவள் உடுப்பின் ஓரத்திலிருந்து மழைநீர் அவர் முகத்தில் சொட்டியது. வெகுநேரம் அவர் எழுந்திருக்கவே இல்லை.

"பாவம்யா, அழுவுறாரு போல" என்று யாரோ இரக்கப்பட்டார்கள்.

குவெக் நிமிர்ந்தார். மூக்கு நுனியில் பழுப்பாக ஒரு சொட்டு. விரலால் தொட்டு முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, உங்க உடுப்புல அபின் சொட்டுது."