விரல் வைக்கும் உத்தியோகம்

“என் பொண்டாட்டி என்ன சுவிட்சாடா? ஒரு பொட்டி மேல விரலை வச்சு நாள் பூரா உட்கார வச்சிருக்கா உன் பொண்டாட்டி. நீயும் பார்த்துட்டு சும்மா இருக்கே.”

மாமனார் வெங்காயம் நறுக்கிக்கொண்டே மகனிடம் பொரிந்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயத்தால்தான், ஆனாலும் பார்க்கப் பாவமாக இருந்தது.

விஷயம் இதுதான். மருமகளுக்குப் புத்தகங்களை வாசித்துக் குரல் பதிவு செய்து அனுப்பும் வேலை. மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு ஒலிப்பெட்டி வேண்டுமாம். இருப்பதிலேயே மலிவானதைப் பார்த்து வாங்கிவிட்டாள். அது ‘ங்ங்ங்’ என்று முனகிக்கொண்டே இருந்தது. யாராவது அதன் இரும்பு உடம்பில் விரல் வைத்தால் மட்டும் கப்சிப். லேசாக முனகல் கேட்டாலும் பதிப்பகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலையே போய்விடும்.

“விரலை அவளே வச்சுக்க வேண்டியதுதானே?”

“அவ துணி அலமாரிக்குள்ள உட்கார்ந்து வாசிக்கிறாப்பா. அங்கதான் எதிரொலி இல்ல. பொட்டியோட வயர் அவ்வளவு தூரம் வராது.”

அதனால் அலமாரிக்கு வெளியே மாமியார். முதுகுக்குத் தலையணை, காலுக்கு ஸ்டூல், விரலுக்குப் பெட்டி. பேசக் கூடாது, இருமக் கூடாது, எழுந்து போகவே கூடாது.

மாமனாரும் சும்மா இருக்கவில்லை. ஈரத்துணியைப் போட்டுப் பார்த்தார். கரண்டியைச் சாய்த்து வைத்தார். உருளைக்கிழங்கைக்கூட வைத்துப் பார்த்தார். பெட்டி எதற்கும் மசியவில்லை. கடைசியில் ஒரு நாள் தானே விரலை வைத்து உட்கார்ந்தார். கதையில் காதலன் கைப்பிடிக்கும் கட்டத்தில், “அடுப்புல பால் வச்சேனா?” என்று அவர் குரலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அன்றோடு அவருக்கு அந்த உத்தியோகம் போச்சு.

“உப்பு எங்கடி இருக்கு?” என்று அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

மாமியார் சும்மா இருந்த கையால் திசையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“கல்யாணமான நாள்லேருந்து இவ இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லடா. பாவம், நினைச்ச நேரத்துக்கு எழுந்து எனக்கு ஒரு காபி போட முடியுதா அவளால?”

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோது கையில் புதுப் பெட்டி.

“கடையிலேயே உசத்தி இதுதான். முனகவே முனகாதுன்னு கடைக்காரர் சத்தியம் பண்றார். மாட்டுடா.”

மகன் மாட்டினான். மருமகள் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனைப் போட்டாள்.

முனகல் இல்லை. கொசு பறக்கிற சத்தம்கூட இல்லை. அவளுக்கு மனசு குளிர்ந்துபோச்சு. இனி எந்தப் பதிப்பகமும் ஒரு குறை சொல்ல முடியாது.

சொல்லிவிடலாம் என்று கதவைத் திறந்தாள்.

மாமனார் அதற்குள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டிருந்தார்.

“உனக்கு விடுதலை வாங்கிட்டு வந்துட்டேன், எழுந்திரு. முதல்ல ஒரு காபி. வெங்காயம் பாதியில நிக்குது, அதைப் பார்த்துக்கோ. என் சட்டையெல்லாம் ஊறப்போட்டது அப்படியே கிடக்கு. ராத்திரிக்கு நாலு பேரைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்.”

மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் இருந்த காலை மெல்லக் கீழே இறக்கினார்.

மருமகள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

“அத்தை, எழுந்துக்காதீங்க. இது விலை ஜாஸ்தியான பொட்டி இல்லையா, ரெண்டு கையும் வைக்கணும்.”