நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்

செண்பகவல்லி தன் சமையல் வீடியோக்களுக்காக விலைக்கு வாங்கிய நாற்பதாயிரம் ரசிகர்களில் ஒருவருக்கும் உயிர் கிடையாது. ஆனால் பேசுவார்கள். அவள் மனம் நோகாமல் பேசுவதற்கென்றே கணினியில் உருவாக்கப்பட்டவர்கள். குழம்பு உப்புக் கரித்த அன்றும் "அருமை அக்கா" என்றுதான் எழுதினார்கள். பொய் என்று தெரிந்தும் அவளுக்கு அது பிடித்திருந்தது.

மறதி நோய் கண்ட அப்பா கோவில்பட்டி வீட்டிலிருந்து காணாமல் போன அன்று, அவருடைய படத்தைக் காட்டி, "யாராவது பாத்தீங்களா?" என்று அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டாள்.

இல்லை என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாது.

"பாத்தேன் அக்கா, மதுரையில."

"நாகர்கோவில்ல பாத்தேன். நல்லா இருக்காரு."

ஒரு மணி நேரத்துக்குள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் அப்பா இருந்தார். அண்ணன் மூன்று நாள் பைக்கில் ஊர் ஊராக அலைந்தான்.

நான்காம் நாள் சாத்தூர் பிணவறை வாசலில் டீக்கடைக்காரப் பெண் ஒருத்தி செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கே உன் வீடியோவுக்குக் கீழ எழுதினேனே தாயி! ரெண்டு நாளா கடையில உக்கார வச்சு இட்லி குடுத்தேன். 'எம் மக வந்துருவா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நேத்து, நானே போயிக்கிடுதேன்னு ரோட்டுல எறங்கிட்டாரு. லாரிக்காரன் கவனிக்கல."

செண்பகவல்லி கைப்பேசியை எடுத்துத் தேடினாள். விரல் கடுக்கத் தள்ளியும் அந்த ஒரு வரி அகப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒன்று வந்து விழுந்தது.

"இப்பத்தான் பாத்தேன் அக்கா. சிரிச்ச முகமா இருந்தாரு."